பிரதிவாதி தரப்பு ஆஜர்

வக்கீல் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு நீங்கள் மூன்று பேர் வடசேரியில் என் வீட்டுக்கு வந்தீர்கள். கோர்ட் கேன்டீன் ரசவடையை வாளியில் வாங்கி வந்திருந்தீர்கள். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியை எதைக் கொண்டு வளைக்கலாம் என்று யாரோ சரியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஒங்ககூட ஒரே ஆபீசுல ஜூனியரா இருந்தவங்க உச்ச நீதிமன்றத்துக்கு ஜட்ஜாப் போறாவ. அவங்களப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரணும் சார்" என்றார் உங்களில் மூத்தவர்.

நாலு என்று கேட்டது நல்லதாகப் போயிற்று. ஐந்தாவதற்கு நான் சிரமப்பட்டிருப்பேன்.

இரண்டாமவர் வடையைக் கடித்துக்கொண்டே, வெகுநேரமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டார். "பொம்பளைங்கறதுனாலதான் எடுத்தாவளா சார்? அவ்வளவு பெரிய கோர்ட்டுக்கு ஆள் எடுக்கையில ஆணா பெண்ணான்னு பாக்கலாமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் பல ஆண்டுகளாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. பத்து நிமிடம் பேசினேன். அரசியல் சட்டத்தில் நீதிபதிக்கான தகுதிகளைச் சொல்லும் இடத்தில் ஆண், பெண் என்ற சொல்லே கிடையாது என்றேன். நாற்காலிக்குப் பாலினம் இல்லை என்றேன். தகுதி ஒன்றைத்தான் பார்க்க வேண்டும், வேறு எதைப் பார்த்தாலும் அது தகுதியுள்ள இன்னொருவருக்குச் செய்யும் அநீதி என்றேன். அந்த இன்னொருவர் எந்த ஊர்க்காரர், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அதுவரை பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த பெண் வக்கீல் அப்போதுதான் வாய் திறந்தார். "தகுதிய எங்க சார் பாப்பாவ?"

"ரெக்கார்டுலம்மா. மனுசன் மாத்திச் சொல்லுவான். ரெக்கார்டு சொல்லாது."

"சரி சார்" என்றார்.

எதிர்த்துப் பேசியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவர் சரி சார் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஆகவே அவருக்காகவே இதை எழுதுகிறேன். மற்ற இருவரும் படிக்கலாம்.

முதலில் என் தகுதி. பன்னிரண்டு ஆண்டு வக்கீல். பிறகு தேர்வெழுதி நேரடியாக மாவட்ட நீதிபதி. இருபத்திரண்டு ஆண்டு பணி. உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக அனுப்பும் பட்டியலில் என் பெயர் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கியது. ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியும். ஏன் இறங்கியது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லும் வழக்கமும் இல்லை.

எங்கள் சீனியரின் ஆபீசில் நான் சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்து, நீங்கள் எழுதச் சொன்ன அந்த அம்மாள் வந்தார். அப்போது இருபத்து நான்கு வயதிருக்கும். ஒரு நாள் நான் வழக்குத் தொடுக்கும் பிராது ஒன்றைப் பதினோரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். சட்டப் பிரிவு ஒன்று விடாமல் போட்டிருந்தேன். சீனியர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், மேசையின் மறுபக்கம் இருந்த அவரிடம் தள்ளினார்.

"ஏட்டி, இதக் கொஞ்சம் பாரு. இவன் ஜட்ஜுக்குப் பாடம் எடுக்கான்."

மாலையில் அது நான்கு பக்கமாகத் திரும்பி வந்தது. என் வாதம் முழுவதும் அதில் இருந்தது. நான் மட்டும் இல்லை. அந்த வழக்கில் நாங்கள் ஜெயித்தோம். சீனியர் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு பிராதை எழுதச் சொல்லும்போதெல்லாம், "நாலு பக்கம்லே" என்பார். ஒரு வருடம் பொறுத்தேன். பிறகு தனி ஆபீஸ் போட்டுக்கொண்டேன். ஊரில் கேட்டவர்களுக்கு நான் சொன்ன காரணம் வேறு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் ஒரு முன்சீப் கோர்ட். எது என்று எழுதப் போவதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுக்கு முன் பல கோர்ட்டுகள் அப்படித்தான் இருந்தன. வராந்தாவின் கோடியில் ஆண்களுக்கு ஒரு கழிப்பறை. நீதிபதியின் அறைக்குள் அவருக்கு ஒன்று. பெண்களுக்கு இல்லை. அங்கே வரும் பெண் வக்கீல்கள் ஐந்து பேரும் இரண்டு தெரு தள்ளி இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போவார்கள். போய்வர இருபது நிமிடம். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியும் என்பதால் யாரும் பேசியதில்லை.

வழக்கு, வட்டக்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்புக்கு ஊடே போகும் நடைபாதை பற்றியது. பாதையில் தனக்கு உரிமை உண்டு என்று வழக்குப் போட்ட வயதான அம்மாளுக்கு, என் பிராதை நான்கு பக்கமாக்கிய அவர்தான் வக்கீல். தோப்புக்காரருக்கு நான். முந்தின வாய்தாவில், பாதையை அடைக்கக் கூடாது என்று தடையுத்தரவு வாங்கிவிட்டார். என் ஆட்சேபணையை மூன்றே கேள்வியில் ஒன்றுமில்லாமல் ஆக்கினார். மூன்றாவது கேள்வியில் முன்சீப் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று எங்கள் வழக்கு பட்டியலில் ஏழாவது. பதினொன்று பத்துக்கு மூன்றாவது வழக்கு நடந்துகொண்டிருந்தது. வராந்தாவில் நான் நின்ற இடத்துக்கு அவர் வந்தார்.

"அண்ணாச்சி, நான் டீச்சர் வீடு வரைக்கும் போயிட்டு வந்திருதேன். அதுக்கு முன்ன கூப்பிட்டா ஒரு பாஸ் ஓவர் சொல்லிருங்க."

தலையாட்டினேன்.

பாஸ் ஓவர் என்பது உங்களுக்குத் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் வெளியே இருந்தால், சற்றுப் பிறகு கூப்பிடுங்கள் என்று நாமே எழுந்து சொல்வோம். சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் அது இல்லாமல் எந்தக் கோர்ட்டும் ஒரு நாள்கூட ஓடாது. இந்த மாவட்டத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத வக்கீல்கள்கூட ஒருவருக்கொருவர் பாஸ் ஓவர் சொல்வார்கள்.

அடுத்த இரண்டு வழக்கிலும் சாட்சிகள் வரவில்லை. ஆறாவதில் இரு தரப்பும் பேசி ராஜியாகிவிட்டது. பதினொன்று இருபதுக்கு எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். டவாலி சேவகர் வாசலில் நின்று வாதியின் பெயரை மூன்று முறை அழைத்தார். அந்த வயதான அம்மாள் தன் வக்கீலைத் தேடிக்கொண்டு மரத்தடிக்குப் போயிருந்தார். முன்சீப் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து, "பிரதிவாதி தரப்பு ஆஜர்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. முன்சீப் இன்னும் ஒரு நொடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கொண்டு நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நான் வழக்குக் கட்டின் நாடாவைச் சரிசெய்தேன். வாதி தரப்பில் யாரும் இல்லை, வழக்குத் தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்திட்டார். தடையுத்தரவும் அதோடு போயிற்று.

பன்னிரண்டு நிமிடம் கழித்து அவர் வந்தார். பெஞ்ச் கிளார்க் கட்டை ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சொல்லலியா?"

"சொல்ல விடல்லம்மா அவரு. படபடன்னு போயிட்டாரு."

அதுதான் பொய். ஆனால் அது கோர்ட்டுக்கு வெளியே, வராந்தாவில் சொன்னது. அன்று அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் தோப்புக்காரர் பாதையை அடைத்துச் சுவர் கட்டினார். தள்ளுபடியான வழக்கை மீண்டும் எடுத்துக்கொள்ளும்படி அந்த வயதான அம்மாள் மனுப் போட்டார். தான் ஏன் வரவில்லை என்று வக்கீலே அபிடவிட் கொடுக்க வேண்டும். கோர்ட்டுக்கு எதிரே டைப் அடித்துக் கொண்டிருந்தவர் எங்கள் எல்லோருக்கும் பொது. டீ குடிக்கும்போது அவர் என்னிடம் சொன்னார்.

"ஆதியம் வேற மாதிரி அடிச்சேன் சார். இயற்கை உபாதைக்காக வெளியே சென்றிருந்ததால்னு. பெரிய வக்கீல் பாத்துட்டு செவப்பு மையில ஒரே அடி. 'ஏட்டி, ஓப்பன் கோர்ட்டுல இதையா வாசிப்பாவ? டயரியில தேதிய மாத்தி எழுதிட்டேன்னு போடு'ன்னாவ."

"அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?"

"கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டு."

சீனியரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். விசாரணைத் தேதியைத் தன் நாட்குறிப்பில் தவறாகக் குறித்துக்கொண்டதாக, சத்தியம் செய்து, அந்தப் பெண் எழுதிக் கொடுத்தார். உண்மைக் காரணம் தெரிந்த நான் அதற்கு எதிர்மனுத் தாக்கல் செய்தேன். வாதி வக்கீலின் கவனக்குறைவுக்குப் பிரதிவாதியைப் பொறுப்பாக்க முடியாது என்று எழுதினேன். நல்ல வாக்கியம். கவனக்குறைவு என்ற சொல் அப்படித்தான் அந்தக் கட்டுக்குள் போயிற்று.

எட்டு மாதம் கழித்து வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. அதுவரை அந்த வயதான அம்மாள் தோப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பிறகு வழக்கில் தோற்றேன். சுவரை என் கட்சிக்காரர் தன் ஆளை வைத்தே இடித்தார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால், இதை ஒரு சின்ன வயதுத் தப்பு என்று சொல்லி உங்களுக்கு நாலு புத்தி சொல்லியிருப்பேன். முடியவில்லை.

இருபத்தொரு ஆண்டு போயிற்று. அவர் மதுரைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் பெரிய வக்கீலாகிவிட்டார். நான் வெளியூரில் மாவட்ட நீதிபதி. விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தபோது சாதாரண உடையில் ஓர் அதிகாரி வந்தார். உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு வக்கீல்களின் பெயர்கள் போகும்போது, ஆள் எப்படி என்று தெரிந்தவர்களிடம் இப்படி விசாரிப்பார்கள். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

உங்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போலப் பணியில் இருப்பவர்களுக்கு வேறு வரிசை, வக்கீல்களுக்கு வேறு வரிசை. அவர் போகாமல் நின்றாலும் அந்த இடம் எனக்கு வராது. ஒரு பைசா லாபம் இல்லை. அது தெரிந்தேதான் பேசினேன்.

"நேர்மை எப்படி?" என்று கேட்டார். குறை சொல்ல முடியாது என்றேன். "சட்ட அறிவு?" நல்ல அறிவு என்றேன். நோட்டை மூடப்போனார். மூட விட்டிருக்கலாம்.

"ஆரம்பத்துல கொஞ்சம் கவனக்குறைவு உண்டு. ஒரு கேஸ் ஆஜராகாமலே தள்ளுபடி ஆச்சு. நான் சொல்லல, அவங்களே அபிடவிட் குடுத்திருக்காங்க. நம்பர் வேணுமா?"

நோட்டை மறுபடி திறந்தார். இருபத்தொரு ஆண்டுக்குப் பிறகும் அந்த வழக்கின் எண் என் நாக்கில் இருந்தது. ஆண்டோடு சேர்த்துச் சொன்னேன். என் மகளின் கல்யாண நாளை எனக்கு மனைவிதான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அந்தப் பட்டியலில் இருந்த மற்றவர்கள் சில வாரத்தில் பதவியேற்றார்கள். அவருடைய கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பியது. பதினோரு மாதம் கழித்துத்தான் பதவியேற்றார். யார் எந்த நாளில் ஏறினார் என்பதுதான் அங்கே பிறகு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அவரோடு பட்டியலில் இருந்தவர்கள் அவருக்கு முன்னால் டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இவர் இப்போது, ஓய்வுக்கு நான்கே ஆண்டு மிச்சமிருக்கும்போது போகிறார். என் வார்த்தையால்தான் தாமதம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தக் காலத்தில் நான் அந்த ஆதாரம் இல்லாததையே பிடித்துக்கொண்டு தூங்கினேன்.

நீங்கள் வடை கொண்டுவந்த அடுத்த வாரம் நாகர்கோவிலில் பாராட்டு விழா. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தீர்கள். மேடைக்குப் போகும் முன் பக்கத்து அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் போகிறவர் எனக்காக எழுந்ததில் அந்த அறையே என்னைப் பார்த்தது. அந்த ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது.

"இரிங்க அண்ணாச்சி" என்று பக்கத்தில் உட்காரவைத்தார். மற்றவர்கள் மாலைகளை எண்ணப் போனார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தார்.

"இப்போ நல்லா தண்ணி குடிக்கேன், பாத்தியளா?"

சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"அந்தக் கேஸ் நம்பரு ஓர்மை இருக்கா அண்ணாச்சி?"

நான் கையிலிருந்த அழைப்பிதழை இரண்டாக மடித்தேன்.

"விளக்கம் கேட்டு எழுதியிருந்தாவ. இருவது வருசத்துக்கு முந்தின ஒரு முன்சீப் கோர்ட் கேஸு. நம்பரும் வருசமும் கரெக்டா. சீனியர் போய்ச் சேர்ந்தாச்சு. டைப்பிஸ்டும் இல்ல. அந்த நம்பரு தெரிஞ்ச ஆளு ரெண்டே பேருதான். நானும் நீங்களும்."

"நீ... நீங்க என்ன பதில் எழுதினிய?" என்று கேட்டேன்.

"உள்ளத எழுதினேன். அபிடவிட்டுல சொன்னது பொய், மூத்திரம் போக எடமில்லாம ரெண்டு தெரு தள்ளிப் போயிருந்தேன், அத எழுத அன்னைக்கு வெக்கப்பட்டேன்னு. இயற்கை உபாதைன்னுகூட போடல்ல. நேராவே எழுதினேன்."

"பொய் அபிடவிட்னு நீங்களே ஒத்துக்கிட்டா..."

"பதவி போயிரும்னு மதுரையில எல்லாரும் சொன்னாவ. போனா போட்டும்னுதான் எழுதினேன். அத வாசிச்சு முடிக்க அவியளுக்குப் பதினோரு மாசம் ஆச்சு." பாட்டிலை மூடினார். "ஒங்களப் பத்தி ஒரு வார்த்தை எழுதல்ல அண்ணாச்சி. நீங்க கவுண்டர் மனு போட்டது ரெக்கார்டுல இருக்கு. தலையாட்டினது இல்லல்லா?"

அப்போது மேடைக்கு அழைத்தார்கள்.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். உச்ச நீதிமன்றத்துக்கு ஆள் எடுக்கும்போது ஆணா பெண்ணா என்று பார்க்கலாமா? அன்று பதினொன்று இருபதுக்கு அது பார்க்கப்பட்டது. கழிப்பறை கட்டியவர் பார்த்தார். அபிடவிட் வரியைச் சிவப்பு மையால் அடித்த சீனியர் பார்த்தார். நோட்டை மூடப்போன அதிகாரியைத் தடுத்தபோது நானும் பார்த்தேன், ஏனென்றால் அந்த வழக்கில் ஓர் ஆண் வக்கீல் எனக்கு எதிரே இருந்திருந்தால் அவர் வராந்தாவின் கோடிக்குப் போய் இரண்டு நிமிடத்தில் திரும்பியிருப்பார். இத்தனை பேர் வழிநெடுகப் பார்த்துவிட்டு, தேர்ந்தெடுக்கும் அறையில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது நியாயம் ஆகாது. அந்த அறையில் இருப்பவர்களுக்கு, வழக்குக் கட்டுக்குள் இருக்கும் காகிதத்தோடு, கட்டுக்குள் வராமல் போனது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்த சிலராவது அந்தக் கோர்ட்டில் உட்கார வேண்டும். எனக்குப் பிடித்த பதில் இது இல்லை. இதனால் எனக்கு வரவேண்டியது எதுவும் வரப்போவதும் இல்லை.

பொறாமை போய்விட்டதா என்று நீங்கள் கேட்கலாம். போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அவர் உட்காரப்போகும் நாற்காலி பற்றி இப்போது அவ்வளவாக இல்லை. இருபத்திரண்டு ஆண்டு தீர்ப்பு எழுதியிருக்கிறேன். பதவி போனால் போகட்டும் என்று அவர் அன்று எழுதினாரே, அப்படி ஒரு வரி அவற்றில் இல்லை.

ஒருவரைப் பற்றி எழுதினால் அவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது நான் கடைசிவரை விடாத நடைமுறை. அதனால் இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்பினேன். பதினேழு பக்கம் எழுதியிருந்தேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. மேலே நீங்கள் படித்தது அவர் வெட்டியதற்குப் பிறகு மிஞ்சியது. டீச்சர் வீட்டுக்குப் போன பெண்கள் நான்கு பேர் என்று எழுதியிருந்தேன், ஐந்து என்று திருத்தியிருந்தார். என் பொறாமை வரிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கடைசி இரண்டு பக்கம் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அதன் குறுக்கே ஒரே கோடு. சிவப்பு மை. ஓரத்தில், "நடந்தது போதும் அண்ணாச்சி, வாதம் வேண்டாம்" என்று இருந்தது.

அந்த இரண்டு பக்கத்தை வைத்தும் வைக்காமலும் நாலைந்து முறை படித்துப் பார்த்தேன். இல்லாமல்தான் நன்றாக இருக்கிறது. அப்படியே அச்சிடுங்கள்.